ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணிக்கு ஒளி வினையூக்கியா, ஓசோனா, கரியா? யாரு எத எடுக்கலாம்

ரெண்டு விதமான ஆளுங்க கிட்ட இருந்து இந்தக் கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. ஒரு பக்கம் எம்.டெக், பி.எச்.டி பண்ற பசங்க, "டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கவா, கார்பன் நைட்ரைடு எடுக்கவா, கைடு ரெண்டுக்கும் தலைய ஆட்டிட்டாரு"ன்னு கேக்குறாங்க. இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்), மருந்து கம்பெனி ஈடிபி (ஆலைக் கழிவு சுத்திகரிப்பு பிளான்ட்) பாத்துக்கிறவங்க, "நானோ வினையூக்கி, வெயில் மட்டும் போதும், கெமிக்கலே வேணாம்னு ஒருத்தர் கொட்டேஷன் குடுத்திருக்காரு, நம்பி வாங்கலாமா"ன்னு கேக்குறாங்க. கேக்குறது ஒரே டெக்னாலஜிய பத்தி தான், வெளிச்சம் பட்டா தண்ணில இருக்கிற மருந்த உடைக்கிற ஒளி வினையூக்கி, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே பதில சொல்ல முடியாது, அதான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியதாயிடுச்சு.

## எவ்ளோ அழுக்கு, எவ்ளோ சுத்தம் வேணும்

இந்த விஷயத்துல உலகமே திரும்பிப் பாத்த இடம் ஹைதராபாத் பக்கத்துல இருக்கிற பட்டான்செரு. சுமார் 90 மருந்து மூலப்பொருள் கம்பெனிங்களோட கழிவு அங்க ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துச்சு. அங்க சுத்தம் பண்ணி வெளிய விட்ட தண்ணிய ஸ்வீடன்ல இருந்து வந்த ஜோகிம் லார்சன் குழு அளந்து பாத்து 2007ல வெளியிட்டாங்க: சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் (சுருக்கமா சிப்ரோ) ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும். மாத்திரை போட்டவங்க ரத்தத்துல இருக்கிற அளவ விட இது அதிகம். நாளைக்கு சுமார் 45 கிலோ சிப்ரோ அந்த ஒரே வாய்க்கால்ல போச்சு, ஸ்வீடன் நாடு மொத்தமும் அஞ்சு நாளைக்கு சாப்பிடுற அளவு.

இப்ப இன்னொரு நம்பர பக்கத்துல வைங்க. மருந்துக்கு மசியாத பாக்டீரியா வளர இடம் குடுக்காம இருக்கணும்னா சிப்ரோ லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்கு கீழ இருக்கணும்னு 2016ல ஒரு கணக்கு வந்துச்சு, மருந்து கம்பெனிங்களோட கூட்டமைப்பும் அத தான் அளவுகோலா எடுத்துக்கிட்டாங்க. 31 மில்லிகிராமுக்கும் இதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 5 லட்சம் மடங்கு இடைவெளி. ஆத்துல கலந்து கொஞ்சம் நீர்த்துப் போகும்னு விட்டுக்குடுத்தாலும், "90 சதவீதம் நீக்கிட்டோம்"ங்கிற பேச்சு இந்த இடத்துல ஒண்ணுமே இல்ல, 31ல 90 சதவீதம் போனா மீதி 3.1 மில்லிகிராம், அது இன்னும் 48,000 மடங்கு அதிகம். பேப்பர்லயும் பிரவுச்சர்லயும் 95 சதவீதம், 98 சதவீதம்னு பாக்குறப்போ இத மனசுல வச்சுக்கோங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் கேப்பீங்க. 2020 ஜனவரில மத்திய அரசு 121 ஆன்டிபயாட்டிக்குக்கு கழிவுநீர் வரம்பு போட்டு ஒரு வரைவு விட்டுச்சு, 2021ல இறுதி அறிவிப்பு வந்தப்போ அந்த வரம்புகள் எல்லாம் காணாம போயிடுச்சு. 2024 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் தயாரிப்புக் கழிவுக்கு ஒரு வழிகாட்டி விட்டிருக்கு. ஏற்றுமதி பண்றவங்களுக்கு வாங்குற கம்பெனிங்க கிட்ட இருந்து அழுத்தம் வரும், அதனால இப்போதைக்கு சட்டம் இல்லன்னு அசால்ட்டா இருக்க முடியாது.

## எத வச்சு எடை போடுறது

நான் பாக்குறது அஞ்சு விஷயம்.

முதல்ல, தண்ணில மருந்த தவிர வேற என்ன இருக்கு. இது தான் பெரிய விஷயம், பாக்கி நாலும் இதுக்கு அப்புறம் தான். சாதாரண கழிவுநீர்ல மருந்து மைக்ரோகிராம் கணக்குல இருக்கும், மத்த கரிமப் பொருள் மில்லிகிராம் கணக்குல, அதாவது ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமா இருக்கும், மருந்த உடைக்க நீங்க காசு குடுத்து உண்டாக்குற ஹைட்ராக்சில் ரேடிக்கல் (எதையும் தாக்குற துடிப்பான துகள்) ஆள் பாத்து அடிக்காது, எதுல முட்டுதோ அத அடிக்கும். பைகார்பனேட்டும் குளோரைடும் கூட அத தின்னுடும். போர் தண்ணில ஓடுற பிளான்ட்டா இருந்தா இந்த அடி இன்னும் ஜாஸ்தி.

ரெண்டாவது, எந்த மருந்து. ஆன்டிபயாட்டிக்னு ஒரே பேரு தான், ஆனா சிப்ரோ ஒரு மாதிரி, அமாக்சிசிலின் வேற மாதிரி, சல்ஃபாமெதாக்சசோல் இன்னொரு மாதிரி.

மூணாவது, கரண்டு. ஆயிரம் லிட்டர் தண்ணில மருந்த பத்துல ஒரு பங்கா குறைக்க எத்தன யூனிட் ஆகுதுன்னு ஒரு அளவு இருக்கு, இந்தத் துறைல எல்லா முறையையும் இத வச்சு தான் ஒப்பிடுறாங்க. இத சொல்லாத பேப்பர மேல படிக்கணுமான்னு யோசிங்க.

நாலாவது, மருந்து அழியுதா இல்ல இடம் மாறுதா. அஞ்சாவது, கூடவே வர்ற வேலை: ஸ்லட்ஜ் (அடில தங்குற சேறு), ஆசிட், வினையூக்கிய திரும்ப பிடிக்கிறது, லேம்ப் மாத்துறது, ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஆளு.

| வழி | எதுல ஓடுது | 90% குறைக்க ஆயிரம் லிட்டருக்கு கரண்டு | எங்க உதைக்கும் |
|---|---|---|---|
| டைட்டானியம் டை ஆக்சைடு + யூவி (புற ஊதா) லேம்ப் | யூவி | 100 யூனிட்டுக்கு மேல | கரண்டு, நானோ தூள பிடிக்கிறது |
| கார்பன் நைட்ரைடு மாதிரி கண்ணுக்குத் தெரியிற ஒளி வினையூக்கி | நீலம், ஊதா ஒளி | பெரும்பாலும் லேப் அளவு தான் | பெரிய அளவுல தயாரிப்பு, ஆயுள் |
| போட்டோ ஃபென்டன் | இரும்பு, பெராக்சைடு, வெயில் | 1ல இருந்து 100க்குள்ள | ஆசிட், இரும்பு ஸ்லட்ஜ் |
| ஓசோன் | கரண்டு, ஆக்சிஜன் | 1க்கு கீழ | கரிமக் கழிவு (சிஓடி) அதிகமான தண்ணி, புரோமேட் |
| யூவி + பெராக்சைடு | யூவி, பெராக்சைடு | 1க்கு கீழ | கலங்கின தண்ணி |
| செயல்படுத்தின கரி | ஒட்டிக்கிறது | ரொம்ப கம்மி | தீர்ந்த கரிய எங்க போடுறது |

கரண்டு கணக்குல நம்பர் போட்டது எல்லாம் 2018ல வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வோட நடு மதிப்புகள், உங்க தண்ணிக்கு மேல கீழ போகும். ஆனா 1க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் "மேல கீழ"ன்னு சொல்லி மழுப்புற அளவு இல்ல.

## டைட்டானியம் டை ஆக்சைடு

இந்தக் கதை 1972ல ஜப்பான்ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளிய வச்சு தண்ணிய பிரிச்சதுல ஆரம்பிச்சது. வேலை செய்யிற விதம் சிம்பிள்: போதுமான சக்தி உள்ள ஒளி பட்டா எலக்ட்ரான் மேல தாவும், கீழ ஒரு துளை மிஞ்சும், அந்தத் துளை தண்ணிய ஹைட்ராக்சில் ரேடிக்கலா மாத்தும், ரேடிக்கல் மருந்த கிழிக்கும். சிக்கல் என்னன்னா தாவின எலக்ட்ரான்ல பெரும்பகுதி எந்த வேலையும் செய்யாம திரும்பி வந்து துளைல விழுந்து சூடா போயிடும், குடுத்த ஒளில ரொம்ப சின்ன பங்கு தான் உருப்படியா மாறுது.

அனடேஸ் வகைக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட் வேணும், அதாவது 387 நானோமீட்டருக்கு கீழ உள்ள ஒளி. வெயில்ல அந்தப் பகுதி வெறும் 5 சதவீதம் பக்கம் தான். அப்போ வெயில்ல வச்சா நிலம் நிறைய வேணும், லேம்ப் வச்சா கரண்டு நிறைய வேணும், மூணாவது வழி கிடையாது.

நல்லது என்னன்னா பொருள் மலிவு, கெட்டி, தண்ணில கரையாது, பி25ன்னு ஒரு தரமான தூள் உலகம் பூரா கிடைக்குது, அதனால நீங்க எடுத்த ரிசல்ட்ட இன்னொருத்தர் செஞ்சு பாக்கலாம். சிப்ரோவ உடைக்கிறப்போ வர்ற துண்டுகளுக்கு பாக்டீரியாவ கொல்ற சக்தி பெருசா இல்லன்னும் சோதிச்சுப் பாத்திருக்காங்க, இது முக்கியம், ஏன்னா மூல மருந்து போனாலும் துண்டுகள் வேலை செஞ்சுக்கிட்டே இருந்தா நம்ம கஷ்டம் எல்லாம் வீண்.

மறைஞ்ச செலவு தூள பிடிக்கிறதுல இருக்கு. பி25 துகள் 20 நானோமீட்டர் பக்கம், தானா அடில படியாது, சாதா சாண்ட் ஃபில்டர்ல நிக்காது. லிட்டருக்கு அரை கிராம் போட்டா 100 கிலோலிட்டருக்கு 50 கிலோ தூள், அத தினமும் திரும்ப பிடிக்கணும், அதுக்கு செராமிக் மெம்பிரேன் வேணும், கனடாவுல பியூரிஃபிக்ஸ்னு ஒரு கம்பெனி இப்படித் தான் பண்றாங்க. சரி கண்ணாடி மணி மேலயோ தகடு மேலயோ பூசிடலாமேன்னா, பூசலாம், ஆனா மருந்து அந்தப் பரப்புக்கு வந்து சேரவே நேரம் ஆகும், வேகம் குறையும், கொஞ்ச நாள்ல பாசியும் உப்பும் மேல படிஞ்சு ஒளியவே மறைச்சிடும்.

எங்க எடுக்கலாம்: சின்ன அளவு, உப்பு கம்மி, கரிமம் கம்மி, மருந்து அதிகம். உதாரணத்துக்கு ரியாக்டர கழுவுற கடைசி தண்ணி. எங்க வேணாம்: ஆர்ஓ ரிஜெக்ட், அதாவது ஆர்ஓ ஒதுக்கித் தள்ளுற உப்புத் தண்ணி. மருந்து அதுல தான் அடர்த்தியா இருக்கு, அத ஒளி வினையூக்கிக்கு விடலாம்னு நிறைய பேர் எழுதுறாங்க, ஆனா மருந்தோட சேந்து குளோரைடும் பைகார்பனேட்டும் அதே மடங்கு அடர்த்தியாகி வந்திருக்கும்ல.

## கார்பன் நைட்ரைடும் அதோட சொந்தக்காரங்களும்

பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது இது தான், காரணமும் புரியுது. மெலமினோ யூரியாவோ வாங்கி மூடின க்ரூசிபிள்ல போட்டு 550 டிகிரில சுட்டா மஞ்சள் தூள் ரெடி, உலோகமே இல்ல, 2.7 எலக்ட்ரான் வோல்ட், 460 நானோமீட்டர் வரைக்கும் ஒளிய பிடிக்கும். 2009ல இது கண்ணுக்குத் தெரியிற ஒளில வேலை செய்யுதுன்னு வந்ததுல இருந்து பேப்பர் மழை.

ஆனா மூணு விஷயம் சொல்லிடுறேன். ஒண்ணு, இதோட துளைக்கு தண்ணிய நேரடியா ஹைட்ராக்சில் ரேடிக்கலா மாத்துற பலம் கிடையாது, சூப்பர் ஆக்சைடு (ஆக்சிஜன் ஒரு எலக்ட்ரான வாங்கி ஆகுற ரேடிக்கல்) வழியா சுத்தி தான் போகணும், அதனால டைட்டானியம் டை ஆக்சைடு கூடவோ பிஸ்மத் சேர்மங்க கூடவோ ஜோடி சேக்குறாங்க, ஜோடி சேக்க சேக்க தயாரிப்பு சிக்கலாகுது. ரெண்டு, யூரியால செஞ்சா போட்ட எடைல பெரும்பகுதி அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடா பறந்துடும், கைல மிஞ்சுறது கொஞ்சம், லேப்ல பரவால்ல, டன் கணக்குல செய்யணும்னா அந்த அம்மோனியாவுக்கே தனி ஸ்க்ரப்பர் போடணும். மூணு, டெட்ராசைக்ளின்.

இத கொஞ்சம் விளக்கணும். கண்ணுக்குத் தெரியிற ஒளி வினையூக்கி பேப்பர்ல பாதிக்கு மேல டெட்ராசைக்ளின தான் மாதிரி மருந்தா எடுக்குறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதுவே மஞ்சள் நிறம், அதுவே ஒளிய வாங்கும், வினையூக்கி இல்லாமலே வெளிச்சத்துல கொஞ்சம் உடையும், தூள் மேல சாயம் மாதிரி ஒட்டிக்கிட்டு எலக்ட்ரான அதுவே தள்ளும். அப்ப 95 சதவீதம் போச்சுன்னா அதுல வினையூக்கியோட பங்கு எவ்ளோ? நிறமில்லாத சல்ஃபாமெதாக்சசோல் எடுங்க, இல்லன்னா ரெண்டையும் எடுங்க, வினையூக்கி இல்லாம வெளிச்சத்துல ஒரு ரன், வெளிச்சம் இல்லாம இருட்டுல ஒரு ரன் கண்டிப்பா போடுங்க. யூவி-விஸ்ல பீக் மறைஞ்சா மருந்து செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, துண்டுகளையும் எடை வச்சு அடையாளம் காட்டுற எல்சி-எம்எஸ் கருவில பாக்கணும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. 300 வாட் செனான் லேம்ப், 100 மில்லி பீக்கர், ஒரு மணி நேரத்துல 90 சதவீதம். அப்படின்னா 0.3 யூனிட்டுக்கு 100 மில்லி, ஆயிரம் லிட்டருக்கு 3,000 யூனிட், அது ஒரு நடுத்தர வீட்டோட ஒரு வருஷத்து கரண்டு. யூனிட் 8 ரூபான்னு வச்சா ஒரு கிலோலிட்டருக்கு 24,000 ரூபா. லேம்ப் ஒளி முழுசும் பீக்கருக்குள்ள போகலங்கிறது உண்மை தான், எல்ஈடி வச்சு ஒழுங்கா ரியாக்டர் கட்டினா நிறைய குறையும், ஆனா ஓசோன் நிக்கிற இடத்துக்கு வர இன்னும் ரொம்ப தூரம் இருக்கு.

ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா? தாராளமா. பிளான்ட்டுக்கு வாங்கலாமா? நான் இப்போதைக்கு வாங்க சொல்ல மாட்டேன்.

## போட்டோ ஃபென்டன்

ஒளில ஓடுற வினையூக்கி தான் வேணும், வெயில் நிறைய இருக்கு, உண்மையாவே பெரிய அளவுல ஓட்டணும்னு சொல்றவங்களுக்கு என்னோட முதல் சிபாரிசு இது. இரும்பு உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு, வெளிச்சம், அவ்ளோ தான். வினைல ஃபெரஸ் இரும்பு ஃபெரிக்கா மாறிடும், வெளிச்சம் அத திரும்ப ஃபெரஸா மாத்திக்கிட்டே இருக்கும், அதனால கொஞ்ச இரும்பு போதும். ஸ்பெயின்ல அல்மேரியா சோலார் மையத்துல வளைஞ்ச கண்ணாடி ரியாக்டர்லயும், பாசி வளக்குற மாதிரி ஆழம் கம்மியான தொட்டிலயும் பல வருஷமா இத ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

உதைக்கிற இடம் பிஎச். 2.8 பக்கம் தான் இது ஜோரா ஓடும், அப்ப ஆசிட் விட்டு இறக்கணும், முடிஞ்சதும் காரம் விட்டு ஏத்தணும், ஏத்தினா இரும்பு ஸ்லட்ஜா விழும், தண்ணில உப்பும் கூடும். இடிடிஎஸ் மாதிரி இரும்ப பிடிச்சு வைக்கிற பொருள் போட்டா நடுநிலை பிஎச்லயே ஓட்டலாம், ஆனா அது விலை. பெராக்சைடு ஸ்டோரேஜ் விளையாட்டு இல்ல, தனி ஷெட், நிழல், பயிற்சி உள்ள ஆளு வேணும். ஏற்கனவே ஆசிடா வர்ற பார்மா ஸ்ட்ரீம் இருந்தா கணக்கு சட்டுனு உங்க பக்கம் சாயும். ஊருக்குள்ள இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இது சரிப்படாது.

## ஓசோன்

ஸ்விட்சர்லாந்துல 2016ல இருந்து சட்டம் போட்டு நூறு பக்கம் நகராட்சி பிளான்ட்ட மேம்படுத்திட்டு வர்றாங்க, குறிப்பிட்ட மருந்துகள்ல 80 சதவீதம் போகணும்னு. அவங்க எடுத்தது ஓசோன், இல்லன்னா கரி. டியூபெண்டார்ஃப் ஊர்ல நொய்குட் பிளான்ட் 2014லயே முழு அளவுல ஓசோன் ஓட ஆரம்பிச்சிடுச்சு. காசும் இருக்கு, விஞ்ஞானமும் இருக்கு, அவங்களே ஒளி வினையூக்கிய எடுக்கலங்கிறத கவனிங்க.

ஏன்னு ஒரு கணக்கு. உயிரியல் சுத்திகரிப்பு முடிஞ்ச தண்ணில கரைஞ்ச கரிமம் லிட்டருக்கு 5 மில்லிகிராம்னா 3 மில்லிகிராம் ஓசோன் போதும், ஆயிரம் லிட்டருக்கு 3 கிராம். ஒரு கிலோ ஓசோனுக்கு ஆக்சிஜன் தயாரிப்பும் சேத்து தாராளமா 20 யூனிட் வச்சாலும் 0.06 யூனிட் தான். சிப்ரோ, சல்ஃபாமெதாக்சசோல், டிரைமெதோப்ரிம், மேக்ரோலைடு எல்லாமே ஓசோன் கூட வேகமா வினை புரியும்.

ஆனா இதே ஓசோன கரிமம் 500 மில்லிகிராம் இருக்கிற, சுத்தம் பண்ணாத பார்மா கழிவுல விட்டா, ஓசோன் முழுக்க மத்ததுக்கே தீனியா போயிடும், அதனால நல்ல உயிரியல் பிளான்ட் முன்னாடி இல்லாம ஓசோன் வாங்காதீங்க. புரோமைடு உள்ள தண்ணினா புரோமேட் உண்டாகும், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், முன்னாடியே டெஸ்ட் பண்ணிடுங்க. ஓசோனுக்குப் பின்னாடி ஒரு மணல் ஃபில்டர் வச்சா உடைஞ்ச துண்டுகள பாக்டீரியா தின்னுடும், அந்த செலவையும் கொட்டேஷன்ல கேளுங்க. மூடின அறைல ஓசோன் லீக்கானா ஆபத்து, சென்சாரும் எக்ஸாஸ்ட்டும் கட்டாயம்.

நடுத்தர, பெரிய ஆஸ்பத்திரிங்க எம்பிஆர் (மெம்பிரேன் வச்ச உயிரியல் பிளான்ட்) வச்சிருந்தா பின்னாடி ஓசோன் தான் என் சாய்ஸ். யூவி பெராக்சைடும் ஓகே, கலிபோர்னியா ஆரஞ்ச் கவுண்டில ஆர்ஓ தண்ணிக்குப் பின்னாடி அத தான் ஓட்டுறாங்க, ஆனா அவங்க தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, நம்ம எஸ்டிபி அவுட்லெட் அப்படியா இருக்கு?

## கரி

ஆபரேட்டர் ஈசியா ஓட்டிடுவாரு, கரண்டு இல்லாமலும் வேலை செய்யும். சிப்ரோ நல்லா ஒட்டும். சல்ஃபாமெதாக்சசோல் நடுநிலை பிஎச்ல மின்னூட்டத்தோட இருக்கிறதால சீக்கிரமே நழுவி வெளிய வந்துடும், அதனால "மருந்து நீக்கும் கரி"ன்னு பொதுவா சொல்றவங்க கிட்ட எந்த மருந்துன்னு கேளுங்க. மருந்து இதுல அழியல, கரிக்குள்ள தான் இருக்கு, தீர்ந்த கரிய எரிக்கவோ சூடேத்தி புதுப்பிக்கவோ அனுப்பணும், அந்த லாரி வாடகை வரைக்கும் கணக்குல வரணும். சின்ன ஆஸ்பத்திரிக்கு, ஓசோன பாத்துக்க ஆளு இல்லன்னா, இது போதும்.

## எதையும் வாங்குறதுக்கு முன்னாடி

மருந்து கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் இது. பொதுத் தொட்டில எல்லாம் கலந்த அப்புறம் எந்த டெக்னாலஜி வச்சாலும் கரிமத்துக்கும் உப்புக்கும் சேத்து தான் காசு குடுக்கணும். முதல்ல ஆன்டிபயாட்டிக் வர்ற லைன் எது எதுன்னு பாத்து தனி பைப் போட்டு தனி டேங்க்ல பிடிங்க, அளவு குறையும், அடர்த்தி கூடும், அந்தத் தண்ணிக்குத் தான் மேல சொன்ன கணக்கு எல்லாம் பொருந்தும். அந்த லைன்ல வர்றது அமாக்சிசிலின், பென்சிலின் வகைனா ஒளியும் வேணாம் ஓசோனும் வேணாம், காரம் விட்டு பிஎச் ஏத்தி சூடு பண்ணி விட்டா பீட்டா லாக்டம் வளையம் தானா திறந்துக்கும், அதோட மருந்தோட வீரியமும் போயிடும். சிப்ரோ அப்படி மசியாது, அது பெரும்பாலும் போய் ஒட்டுறது உயிரியல் பிளான்ட்டோட ஸ்லட்ஜ்ல, அதனால தண்ணி ரிப்போர்ட்ல சிப்ரோ குறைஞ்சிருந்தா அந்த ஸ்லட்ஜையும் ஒரு தடவ லேபுக்கு அனுப்பிப் பாருங்க, அத இத்தன நாளா யாரு எங்க கொட்டுறாங்கன்னும் விசாரிங்க.